இடது கைச் சோறு

சாய்ந்தமருது
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு

அன்பு மகள் றிப்னாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் உன் தம்பி பர்ஸானும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். நீயும் மருமகன் சியாமும் அந்த மெல்பேண் குளிரில் உடம்பளவிலாவது சுகமாக இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன், மற்ற அளவுகளை அல்லாஹ் பார்த்துக்கொள்வான். கையில் போன் இருக்க வாப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் கதைக்கும்போது உன் முகம் தெரிகிறது, அது எனக்கு இடைஞ்சல். அதோடு நம் வீட்டில் போன் அடித்தால் அடுத்த வளவிலிருந்தும் ஆட்கள் வந்து திரைக்குள் தலையை நீட்டுகிறார்கள், நீ கேட்டதற்கு நான் வாய் திறக்க முதல் அவர்கள் பதில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். உம்மா மௌத்தான அன்று, நீ டிக்கற் தேடிக்கொண்டிருக்கும்போதே நாங்கள் அடக்கிவிட்டு வந்துவிட்டோம், அப்போது நீ கேட்டாய், கடைசி நேரத்தில உம்மா ஏதும் திண்டாவா வாப்பா என்று. நான் ஓம் மகள் என்று சொல்லிப் போனை றுகையா சாச்சியின் கையில் கொடுத்துவிட்டேன். அந்த ஓம் பொய்யல்ல, ஆனால் ஒரு சொல்லில் அடங்குவதுமல்ல. போன கிழமை நீ குரல் பதிவு அனுப்பி, வேலைய விட்டுப்போட்டு வாறன் வாப்பா, தம்பிக்கு வாயில சோறு தீத்த ஆள் வேணுமே என்று அழுதாய், அதற்கும் பதில் இதற்குள்தான் இருக்கிறது.

முதலில் ஊர்ப் புதினம். உம்மாவுக்கு ஓதிய நாற்பதாம் நாள் கத்தம் முடிந்தது, வந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு தம்பியின் எதிர்காலம் பற்றி ஆலோசனை நடந்தது, வயிறு நிறைந்திருக்கும்போது அடுத்தவன் பசியைப் பற்றித் தெளிவாக யோசிக்க முடிகிறது போலும். நம் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு, இந்த வீடும் உன் கல்யாணத்தோடு உனக்கு எழுதியது, நான் உன் விருந்தாளியாகத்தான் இதில் இருக்கிறேன். ஆண்பிள்ளை கல்யாணம் முடித்து மனைவியின் வீட்டுக்குப் போக வேண்டியவன், அப்படிப் போக ஏலாத ஆண்பிள்ளைக்கு எந்த வீடு என்பதை மட்டும் ஊர் இன்னும் தீர்மானிக்கவில்லை. அதற்குத் தீர்வாக றுகையா சாச்சி பாலமுனையில் ஒரு பெண் பார்த்திருக்கிறா. ஏழைப் புள்ளதான் மச்சான், ஆனா பொறுமசாலி, பர்ஸானுக்கு முடிச்சுக் குடுத்தா சோறு தீத்த ஒரு கை கிடைக்கும் என்றா. அந்தப் பெண்ணின் கையைத் தவிர வேறு எதையும் விசாரித்ததாகத் தெரியவில்லை. அது நடவாத காரியம் என்றேன். அப்ப நீங்க முடிங்களன் மச்சான், சோத்துப்பானை ஒண்டுதானே என்று மூச்சு விடாமல் அதே பெண்ணை என் பக்கம் திருப்பிவிட்டா. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அன்றிலிருந்து யோசித்ததைத்தான் உனக்கு எழுதுகிறேன்.

நோன்புக்கு முந்திய மாதம் நான் உன்னிடம் வந்திருந்தேன் அல்லவா, உம்மா வரவில்லை, தம்பிக்குச் சோறு தீத்த ஆள் வேணுமே என்று அவரும் இதே வார்த்தையைத்தான் சொன்னார். ஒரு நாள் நீ வேலை செய்யும் நிலையத்துக்கு என்னைக் கூட்டிப் போனாய். ஊரில் இன்றுவரை உன் வேலை என்னவென்று யாருக்கும் விளங்கவில்லை, ஏலாதவர்களுக்கு உத்தியோகம் எடுத்துக் கொடுக்கும் கந்தோர் என்று நினைத்து என்னிடம் விண்ணப்பம் தந்தவர்களும் இருக்கிறார்கள், எனக்கும் அன்றுவரை அரைகுறையாகத்தான் தெரியும், ஏலாதவர்கள் தங்கள் வேலையைத் தாங்களே செய்யப் பழகும் இடம் அது. அங்கே ஒரு குசினி இருந்தது, அதில் யாருக்கும் பசியில்லை. ஒரு கட்டில் இருந்தது, யாருக்கும் நித்திரையில்லை. ஒரு பஸ்ஸின் முன்படிகளை மட்டும் வெட்டியெடுத்து வைத்தது போல ஒன்று இருந்தது, அது எந்த ஊருக்கும் போகவில்லை. நம் ஊர் பஸ்களும் பர்ஸானைக் கண்டால் நிற்பதில்லை, ஆகவே அவனைப் பொறுத்தவரை அவையும் எங்கும் போகாதவைதான், ஆனால் இதில் ஏறியாவது பழகலாம் என்றாய். யன்னலோரம் ஒரு மனிதர் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பெயர் டோனி, லொறி ஓட்டியவர், விபத்தில் தலையில் அடிபட்டதிலிருந்து விரல்கள் சொல்வழி கேட்பதில்லை என்றாய். பொத்தான் துளைக்குக் கிட்ட வரும், வழுக்கும், மறுபடி வரும். உங்கள் ஆட்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் கை நீட்டவில்லை. நம் ஊரில் ஒருவர் இப்படித் தடுமாற நாலு பேர் சும்மா பார்த்துக்கொண்டு நின்றால் அந்த நாலு பேரையும் பள்ளிவாசலுக்குக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. எழும்பிப் போய் மேலிருந்து கீழ்வரை எல்லாப் பொத்தானையும் பூட்டி, கொலரையும் சரிசெய்து, முதுகில் ஒரு தட்டும் தட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன். நன்மை செய்த களை என் முகத்தில் இருந்திருக்கும். அவர் என்னைப் பார்த்தார், கோபிக்கவில்லை. பிறகு குனிந்து, நான் பூட்டியதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார், கழற்றுவதும் அவருக்குப் பூட்டுவதைப் போலவே கஷ்டமாக இருந்தது. நீ என் காதுக்குள், அவர் இண்டைக்குத்தான் வாப்பா முதல் முதல் நாலாவது பொத்தானுக்கு வந்தவர், நீங்க உங்கட ரெண்டு கையையும் தொடைக்குக் கீழ வெச்சிட்டு அதுக்கு மேல இரிங்க என்றாய். காலமெல்லாம் பிள்ளைகளைக் கை கட்டி இருக்கச் சொன்ன வாத்தியாருக்கு ஏற்ற தண்டனை. இருந்தேன். அதைவிடப் பாரமான வேலையை அதுவரை யாரும் எனக்குத் தந்ததில்லை.

திரும்பி வரும்போது பெட்டிக்குள் ஒரு கரண்டி வைத்தாய். பிடி வாழைக்காய்த் தடிப்பம், கழுத்து ஒரு பக்கம் வளைந்தது, இடது கைக்கென்றே செய்தது, தம்பிக்கு என்றாய். உம்மா அதைக் கழுவித் துடைத்து ஷோகேசுக்குள் தேத்தண்ணிக் கோப்பைகளுக்கு நடுவில் வைத்தார், வருகிறவர்களுக்கெல்லாம் மகள் தந்துவிட்டது என்று காட்டினார். ஒரு கரண்டிக்கு நம் ஊரில் கிடைக்கக்கூடிய ஆகக் கூடிய மரியாதை அது. ஏன் பாவிப்பதில்லை என்று கேட்டேன், அது இடக் கைக்குச் செஞ்சதெல்லோ, அந்தக் கையால சோத்தத் தொட என்ட புள்ளைய விடுவனா என்றார். தம்பியின் வலது கை பிறந்ததிலிருந்து நெஞ்சோடு மடங்கியது, இடதுதான் அவனுக்கு நல்ல கை. ரீவி ரிமோட் அந்தக் கையில், அவன் விழித்திருக்கும் நேரத்தில் இந்த வீட்டில் வேறு யாரும் விரும்பிய சனலைப் பார்த்ததில்லை. சோற்றுக்கு மட்டும் அது கை அல்ல. சின்னவனாக இருக்கும்போது அது சோற்றுப் பீங்கானை நோக்கி வரும். உம்மா ஏசியதில்லை, மெல்லப் பிடித்து அவன் மடியில் வைத்து, சீ, அந்தக் கையால இல்ல மகன் என்று சொல்லி, பிஸ்மி சொல்லித் தன் வலது கையால் ஒரு வாய் தீத்துவார். வரும், வைப்பார், வரும், வைப்பார். பிறகு ஒரு நாள் அந்தக் கை வருவதை விட்டுவிட்டது. பல்லிடுக்கில் சிக்கிய இறைச்சியால் நோன்பு முறியுமா என்று மௌலவிமாரை வழிமறித்துக் கேட்கிற ஊர் இது, வலது கை ஏலாத பிள்ளை எந்தக் கையால் தின்பது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை, எங்கள் வீடும் சேர்த்துத்தான். எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தை யார் போய்க் கேட்பது.

அதன் பிறகுதான் உம்மா ஒரு நாள் சுபஹுத் தொழுகைக்கு வுழூச் செய்யப் போய்க் கிணற்றடியில் விழுந்தார். பாரிசவாதம் வாயின் ஒரு பக்கத்தையும் வலது கையையும் எடுத்துக்கொண்டது. அந்தச் சோறு தீத்திய கையை. அல்லாஹ்வின் தெரிவைப் பற்றி நான் அபிப்பிராயம் சொல்வதில்லை, ஆனால் கவனித்தேன். நான் தீத்தினேன், சாச்சி தீத்தினா, இரண்டு வாய் வாங்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். நீ போனில், உம்மா இடக் கையால அள்ளித் திண்டு பாருங்க, மெல்ல மெல்லப் பழகும் என்று சொல்லிக் கொடுத்தாய். உம்மா தலையாட்டினார், தேர்தல் காலத்தில் வாசலுக்கு வரும் வேட்பாளருக்கு ஆட்டுவதைப் போல, போனை வைத்ததும் அந்தக் கையை முந்தானைக்குள் எடுத்துக்கொண்டார். உன்னோடு படித்த ஸஹீத் மௌலவி ஒரு நாள் துஆ ஓத வந்தார். அவர் எழும்பும்போது உம்மாவின் காதுபடக் கேட்டேன், வலது கை ஏலாதவர் இடது கையால் தின்னலாமா என்று. பகிடி விடுகிறேனா என்று அவர் என் முகத்தைப் பார்த்தார், என் முகத்துக்கு அந்தப் பேர் இருக்கிறது. பிறகு உம்மாவைப் பார்த்து, ஏலாதவங்களுக்கு அல்லாஹ் லேசாக்கித்தானே வெச்சிரிக்கான், இதில என்ன சந்தேகம், தாராளமாத் தின்னுங்க என்றார். செருப்பு மாட்டும் நேரத்துக்குள் முடிந்துவிட்ட பதில். உம்மாவின் கண் பர்ஸான் இருந்த கதிரைக்குப் போனது. கோணிய வாயால் ஏதோ சொன்னார், மௌலவிக்கு விளங்கவில்லை, எனக்கு விளங்கியது. அப்ப இவனுக்கும்? அதை நான் மௌலவிக்கு எடுத்துச் சொன்னேன். ஓம், தம்பிக்கும்தான், எப்பவும் அப்பிடித்தானே என்று சிரித்தார் அந்தப் பிள்ளை, நல்ல செய்தி சொல்கிறோம் என்று நினைத்திருப்பார். உம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று ஒரு வாயும் வாங்கவில்லை.

அடுத்த நாள் பகல் ஷோகேசைக் காட்டினார். நான் கரண்டியை எடுத்துத் தம்பியின் இடது கையில் வைத்தேன், அவன் அதை ரீவியை நோக்கி நீட்டி அமத்திப் பார்த்தான், உம்மாவின் வாய் ஒரு பக்கமாகச் சிரித்தது. ஆனால் சோற்றுக்கு அந்தக் கை இறங்கவில்லை. பீங்கானைப் பார்ப்பான், உம்மாவைப் பார்ப்பான், பிடித்து மடியில் வைக்கப் போகிறார் என்று காத்திருந்தான். உம்மா நல்ல கையை நீட்டி அவன் கையைப் பிடித்தார், மடிக்குக் கொண்டுபோகவில்லை, பீங்கானுக்குக் கொண்டுபோனார். தின்னு மகன் என்றது தெளிவாகவே கேட்டது. அதற்குப் பிறகு சோறு நெஞ்சிலும் நிலத்திலும், வளவுக் கோழிகளுக்கு நல்ல காலம். சாச்சி வந்து பார்த்து, அவ படுத்ததோட இந்தப் புள்ளைய இப்பிடிச் சிந்தித் தின்ன விட்டுட்டீங்களே மச்சான், கல்லா உங்கட மனசு என்று அழுதா. நான் என் கைகளின் மேல் இருந்தேன். இதை உனக்கு அப்போதே சொல்லியிருக்கலாம், உம்மா விடவில்லை, நல்லாப் பழகட்டும், பொறகு போனில காட்டி மகளுக்கு, இவன்ட லாத்தாக்குச் சந்தோசம் குடுப்பம் என்றார். தனக்கென்று மட்டும் மௌலவி சொன்னதை எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் ஒரு பீங்கான் வைத்துப் பார்த்தேன், எனக்கு வேணாம் என்றார். தனக்குத் தானே விதித்துக்கொண்ட ஏதோ ஒன்று அது, எதிர்த்து வாதாட என்னிடம் சட்டம் இருக்கவில்லை. மௌத்தாவதற்கு முந்திய நாள் பகல் நான் தீத்தியதற்கு வாயை இறுக்கி மூடிக்கொண்டார். தம்பி கரண்டியில் சோறும் மீன் ஆணமும் அள்ளினான், தன் வாய்க்குப் போகும் வழியில் அந்தக் கை நின்றது, திரும்பியது, ஆடி ஆடி உம்மாவிடம் போனது. பாதி சிந்தியது. என் கை தானாக எழும்பியது, அடக்கினேன். அவன் பிஸ் என்றான், மிச்சம் அவனுக்கு வராது. உம்மா கரண்டியைப் பார்த்தார், அந்தக் கையைப் பார்த்தார், வாயைத் திறந்தார். ஒரு கரண்டி, பிறகு இன்னுமொன்று, பிறகு கண்ணை மூடிக்கொண்டார். ஆகவே மகள், நீ கேட்டதற்கு முழுப் பதில் இதுதான், உம்மா திண்டா. அவர் கடைசியாகத் தின்றது உன் தம்பியின் இடது கையால்.

மௌத்துக்குப் பிறகு அவன் கரண்டியைத் தொடவில்லை. அயலெல்லாம் பீங்கானும் பாசமுமாக வந்து ஆளுக்கொரு வாய் தீத்தினார்கள், அவனும் பழையபடி வாயைத் திறந்துகொண்டிருந்தான், அதனால்தான் பாலமுனைப் பெண் வரைக்கும் கதை போனது. கத்தம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு நான் கரண்டியைப் பீங்கானுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு என் கைகளின் மேல் உட்கார்ந்தேன். சோறு ஆறிக் காய்ந்தது, அவன் பசியில் அழுதான், நானும் அழுதேன், கைகளை எடுக்கவில்லை. முந்தாநாள் எடுத்தான். நேற்றும் இன்றும் எடுத்தான். ஆகவே சோறு தீத்துவதற்கென்று நீ வர வேண்டாம், அங்கே டோனிக்கு இன்னும் பொத்தான்கள் மிச்சமிருக்கும். லீவு கிடைத்தால் வா, என் பக்கத்தில் உன் கைகளின் மேல் உட்கார்ந்து பார். இன்னொன்று, வீடு உன்னுடையது, தம்பி இந்த வீட்டில்தான் இருப்பான் என்று சாச்சியிடம் நீ ஒரு வார்த்தை சொன்னால் கல்யாணப் பேச்சு ஓயும், விருந்தாளி சொல்வதை யாரும் எடுப்பதில்லை.

அல்லாஹ் உனக்கும் சியாமுக்கும் நீண்ட ஹயாத்தையும் ஆறுதலையும் தரட்டும், உம்மாவின் கபுறை விசாலமாக்கட்டும், நீயும் உம்மாவுக்காக ஓது. வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ. மறந்துவிடாதே, நீ வேலையால் வந்து போன் எடுக்கும் நேரம்தான் இங்கே பகல் சோற்று நேரம். போன் மணி கேட்டால் அவன் கரண்டியை வைத்துவிடுகிறான். பிந்தி எடு மகள், தம்பி சாப்பிட்டுக்கொண்டிருப்பான்.

இப்படிக்கு,
உன் வாப்பா
ஹமீட்