பக்கத்துக் கையைப் பார்த்து

படப்பை,
5.11.2025

அன்புத் தங்கச்சி கனிஷ்காவுக்கு, அக்கா மாரிசெல்வி எழுதுவது.

ஊரில் அம்மாவும் அப்பாவும் சுகம். இங்கே நானும் என் அறைத்தோழி பேச்சியும் சுகம். நீயும் அப்படியே இருப்பாய் என்று எழுத ஆசைதான். கை வரவில்லை.

போன் இருக்க இவள் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நான் தனியாகக் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. அம்மாவையும் சேர்த்து வீடியோவில் கூப்பிட்டால்தான் வருகிறாய். அம்மா முன்னால் நான் எதையும் கேட்க மாட்டேன் என்று உனக்குத் தெரியும். எங்கள் கம்பெனி இன்ஜினியர் திருமலை சார் சனிக்கிழமை பயிற்சிக்குத் தைவான் வருகிறார். அவர் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். கூடவே பருப்புப் பொடி இரண்டு பாக்கெட். ஒன்று உனக்கு, ஒன்று உன்னோடு கல்லூரியிலிருந்து வந்த பூஜாவுக்கு.

இங்கே ஒரே மழை. ஒரகடம் ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீர். கம்பெனி பஸ் பாதி வழியில் நின்றுவிட, நேற்று செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தோம். அப்பா ஊரில் ரொம்ப மிதப்பாக இருக்கிறார். டீக்கடையில் யார் வந்து உட்கார்ந்தாலும் "எம்மவ தைவான்ல படிக்கா" என்று ஆரம்பித்துவிடுகிறாராம். ஐந்து மாதப் படிப்புதான், ஜனவரியில் திரும்பிவிடுவாய் என்பதை மட்டும் சொல்வதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்தபோது லைப்ரரியிலிருந்து வருவதாகச் சொன்னாய். அம்மா, "ஏன் மொகம் வாடிக் கெடக்கு?" என்று கேட்டாள். நான் உன் நெற்றியைத்தான் பார்த்தேன். புருவத்துக்கு மேலே காதுவரை ஒரு சிவந்த கோடு. முடியை ஒதுக்கினாய், விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. ஆறு வருஷமாக ஷிப்ட் முடிந்ததும் கண்ணாடியில் நான் பார்க்கிற நெற்றி அது. துணித்தொப்பியின் எலாஸ்டிக் போடும் கோடு, ரப்பர் விரலுறைக்குள் வேர்த்துப்போன விரல். எந்த ஊர் லைப்ரரியில், தாயி, தொப்பியும் உறையும் மாட்டிக்கொண்டு படிக்கிறார்கள்?

எனக்கு வந்த கோபத்துக்கு நீ பக்கத்தில் இருந்திருந்தால் அறைந்திருப்பேன். பூஜாவைக் கூப்பிட்டு அதட்டினேன். பாவம், பயந்துபோய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. பக்கத்து பெஞ்சுப் பெண்ணின் ரிப்போர்ட்டை நீ அப்படியே பார்த்து எழுதி உன்னுடையதாகக் கொடுத்ததையும், பேராசிரியர் அதைப் பிடித்துவிட்டதையும், பதினாலாம் தேதி காலை பத்து மணிக்கு விசாரணைக் குழு முன்னால் வரச் சொல்லிக் கடிதம் கொடுத்திருப்பதையும் சொன்னாள். அன்றிலிருந்து நீ வகுப்புப் பக்கமே போவதில்லையாம். அனுமதிகூட வாங்காமல் ஏதோ ஒரு பட்டறையில் பேக்கிங் வேலை பார்க்கிறாயாம். அந்தக் கடிதத்தைப் பிரித்து மடித்து பிரித்து மடித்து, மடிப்பே கிழிந்துவிட்டதாம்.

அதைக் கேட்டதும் என் கோபம் என் மேலேயே திரும்பிவிட்டது. செப்டம்பரில் நீ அழுதுகொண்டு கூப்பிட்டாய். பாதி சீன மொழி, மீதி ஆங்கிலம், ஒன்றும் ஏறவில்லை என்றாய். நான் என்ன சொன்னேன்? "பக்கத்துல இருக்கவ கையப் பாரு. அவ செய்யுத மாதிரியே செய்யி. புரியலன்னு மட்டும் வாயத் தொறந்துராத" என்றேன். கம்பெனி லைனில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் பிழைத்தோம். முதல் நாள் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிக் கொடுப்பார்கள், புரிந்ததா என்பார்கள், தலையாட்டுவோம். பிறகு பக்கத்துப் பெண்ணின் கையைப் பார்த்துப் பாகங்களை மாட்டுவோம். பேச்சிக்குப் பக்கத்தில் இருந்தவள் இடது கைக்காரி. அன்று ஒரு ஷிப்ட் முழுக்கப் பேச்சி எல்லாவற்றையும் தலைகீழாக மாட்டினாள். அதைச் சொல்லிச் சொல்லி இன்னும் சிரிக்கிறோம். என்னைப் பார்த்து லைன் லீடர் கோதண்டம் அண்ணன், "இன்னா ஸ்பீடா கத்துக்கினா பாரு" என்றார். அந்த ஒரு பாராட்டை வைத்துக்கொண்டு உனக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டேன். இங்கே கெட்டிக்காரத்தனம் என்று பெயர் வாங்கிய காரியம் அங்கே திருட்டாகும் என்று எனக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை, கனி.

பட்டறைக்கு இனி போகாதே. மாணவர் விசாவில் வந்துவிட்டு அனுமதியில்லாமல் வேலை பார்த்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்கிறார் திருமலை சார். உன் பெயரைச் சொல்லாமல் பொதுவாகத்தான் விசாரித்தேன். அங்கே உனக்கு நிம்மதியாக இருக்கும், எனக்குத் தெரியும். கை பழகிவிட்டால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஆனால் பதினாலாம் தேதி நீ போகாவிட்டால், நீ திருடி என்று அவர்களே எழுதிக்கொள்வார்கள். நீ திருடி இல்லை.

இதோடு இன்னொரு தாள் வைத்திருக்கிறேன். அது குழுவுக்கு. செப்டம்பரில் உனக்கு நான் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். அதை ஆங்கிலத்தில் மாற்ற வேண்டியிருந்ததால் திருமலை சாரிடம் கடைசியில் விஷயத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் ஒன்றும் கேட்காமல் எழுதிக் கொடுத்தார். கீழே என் கையெழுத்தும் போன் நம்பரும் இருக்கின்றன. செய்தது நீதான், அதை நீதான் சொல்ல வேண்டும். அப்படிச் செய்யச் சொன்னவள் நான் என்பதையும் அவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

அங்கே பத்து மணி என்றால் இங்கே ஏழரை. கம்பெனிக்குள் நுழையும்போதே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் அன்றைக்கு லீவு போட்டுவிட்டேன். அவர்கள் கூப்பிட்டால் எடுப்பேன். எனக்கு எவ்வளவு ஆங்கிலம் வரும் என்று உனக்குத் தெரியும். அவர்கள் கேட்பது புரியவில்லை என்றால், புரியவில்லை என்று சொல்லி மறுபடி கேட்கச் சொல்வேன். வெட்கப்பட மாட்டேன்.

உன்னை ஊருக்கு அனுப்பிவிட்டால் அம்மா அப்பாவிடம் பேசுவது என் பாடு. நீ அந்தக் குழு உட்காரும் அறைக் கதவைத் தட்டி உள்ளே மட்டும் போய்விடு, தாயி. அதற்கு மேல் என்ன வந்தாலும் நாம் இரண்டு பேராகப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உனக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு இங்கே உட்கார்ந்திருக்கும்
அக்கா மாரிசெல்வி