அப்புறம் என்று அசைத்த கை

கார்த்திகை, ஞாயிறு இரவு

என் மகள் மதியை அழைத்துவர மாலையில் ஏற்காடு பஜாருக்குப் போனேன். அவளுடைய பள்ளித் தோழி செல்வியின் வீடு அங்கே தையல் கடைக்குப் பின்னால் இருக்கிறது. மதியைப் போலவே செல்விக்கும் காது கேட்காது. செல்வியின் அப்பா, அம்மாவுக்கும் கேட்காது. காது கேட்கும் அவளுடைய அத்தைதான் என்னை வரவேற்றார்.

"வாங்க. மதி கண்ணு புத்தகத்தை எடுத்தா கீழ வெக்க மாட்டேங்குதுங்க."

"எங்க ஊட்டுல தொடக்கூட மாட்டாளுங்க."

"ஊடு நெறைய புத்தகம்னு சொன்னீங்களே?"

உண்மைதான். எம்.ஏ. படித்தவள் நான், வாங்கிக் குவித்திருக்கிறேன். ஆனால் மதி ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உச்சரிப்பு சரியாகும்வரை அடுத்த வரிக்கு விடமாட்டேன். சைகை காட்டக் கையை அசைத்தால் அதட்டுவேன். ஒரு கதையும் முடிந்ததில்லை.

உள்ளே செல்வியின் அப்பா மடியில் புத்தகத்தோடு, கையாலும் முகத்தாலும் கதை சொல்லிக்கொண்டிருந்தார். மதி அவசரமாகப் பக்கத்தைத் திருப்பினாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை.

மதியின் தோளைத் தொட்டேன். "என்ன சொன்னாங்க?"

என் வாயைப் பார்த்தாள். 'அப்புறம்' என்று உள்ளங்கையை அசைத்துவிட்டுப் புத்தகத்துக்குத் திரும்பிவிட்டாள்.

அது என் கை. வீட்டுக்கு வந்தவர்களோடு நான் சிரிக்கும்போது, மதி என் சேலையைப் பிடித்து இழுத்து என்னவென்று கேட்பாள். அப்போதெல்லாம் நான் அப்படித்தான் அசைப்பேன். அப்புறம் ஒரு நாளும் சொன்னதில்லை.

எங்கள் ஊர் மாரமங்கலம் வரும்வரை பஸ்ஸில் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.