மாதுளைத் தூள் டப்பா

பிள்ளைகளின் அப்பாவுக்கு வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? சின்னவளின் இருமல் நின்றதா?

இங்கே ஒரு கூத்து நடந்தது, பயப்படும்படி ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் ஏதோ ஆராய்ச்சியாம். சலவைப் பிரிவில் இருக்கும் எனக்கும், என் அறையில் தங்கியிருக்கும் சமையல்காரிக்கும் ஆளுக்கொரு டப்பா மாதுளைத் தூள் கொடுத்தார்கள். தினமும் கரைத்துக் குடித்தோம். ஒரு மாதம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தால் அவளுக்குப் பலன் தெரிந்தது, எனக்கு ஒன்றுமே இல்லை. ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மாவுக்கு டீ கொண்டுபோகிறவள் அவள். நல்ல தூளை அவளுக்குக் கொடுத்துவிட்டு என் தலையில் வெறும் சாயம் கலந்த மாவைக் கட்டிவிட்டார்கள் என்றே நினைத்தேன். யாருக்கும் தெரியாமல் டப்பாக்களை மாற்றி வைத்தேன். அடுத்த மாதமும் அதே கதை!

மனம் உறுத்தியதால் டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொன்னேன்.

“ரெண்டும் ஒரே தூள்தாம்மா. அதை உடம்புக்கு ஆகுற மாதிரி மாத்துறது குடல்ல இருக்கிற பாக்டீரியா. அது அவங்களுக்கு இருக்கு, உங்களுக்கு இல்ல” என்று சிரித்தார்.

அப்போதும் நம்பாமல் இரண்டையும் நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஒரே துவர்ப்பு.

பிறகு அவளிடமும் சொல்லிவிட்டேன்.

“டப்பா மாறினது அன்னைக்கே தெரியும்க்கா. கேட்டா கோவிச்சுக்கிட்டு வேற ரூமுக்குப் போயிடுவீங்கன்னு பேசாம இருந்துட்டேன். தனியா உக்காந்து சாப்பிட என்னால ஆகாது” என்றாள்.

உங்கள் பழைய சட்டை ஒன்றை அனுப்புங்கள், தலையணை உறை தைக்க வேண்டும். துவைக்காமலே அனுப்புங்கள். வேலைக்குப் போகிற வண்டி வந்துவிட்டது.

உங்கள் வீட்டுக்காரி