மூடிவிட்ட மஞ்சள் வரிகள்

இன்று காலை அலுவலகத்தில் புதிய கம்பைலருக்கு மாறினோம். நம் பழைய புரோகிராமை அதில் ஓட்டியதும் திரை முழுக்க மஞ்சள் வரிகள் வந்து விழுந்தன. ஒவ்வொன்றும் ஓர் எச்சரிக்கை. இத்தனை வருஷமாக அவற்றை வெளியே தெரியவிடாமல் வைத்திருந்தது நான் எழுதிய ஒரே ஒரு வரி. புதிய கம்பைலர் அதை மதிக்கவில்லை. என்னையறியாமல் உன் நாற்காலி இருந்த பக்கம் திரும்பினேன். அங்கே இப்போது பிரிண்டர் இருக்கிறது.

கம்பைலர் என்றால் என்ன என்று கிளமெண்டி வீட்டில் உன் அம்மா ஒருமுறை கேட்டார். "நாங்க எழுதுறதை மெஷினுக்குப் புரியுற மாதிரி மாத்தித் தரும்மா. எங்கயாவது சந்தேகமா இருந்தா முன்னாடியே சொல்லும்" என்றாய். "அப்ப நல்லதுதானே, ஏன் அதைத் திட்டுறீங்க?" என்றார் அம்மா. நாம் இருவரும் சிரித்தோம்.

ஜூரோங்கில் அந்தக் குளிர்பதனக் கிடங்குக்கு நாம் எழுதிய புரோகிராம்தான் இது. குளிர் குறைந்தால் அலாரம் அடிக்க வேண்டும். வேலை முடியும் தறுவாயில் இருநூற்றுக்கு மேல் எச்சரிக்கைகள். அவற்றைச் சரிசெய்ய நீ இரண்டு நாள் கேட்டாய். மேனேஜர் தலையாட்டவில்லை. "நாளைக்குக் கஸ்டமர் வர்றாங்க. இவ்வளவு மஞ்சளா இருந்தா என்ன நினைப்பாங்க? க்ளீனாக் காட்டுங்க லா."

நீ சாப்பிடப் போயிருந்தபோது அந்த வரியை எழுதினேன். திரும்பி வந்து பார்த்தாய்.

"எல்லாத்தையும் சரி பண்ணிட்டியாடி?"

"இல்ல. மூடிட்டேன்."

"எச்சரிக்கையைத்தானே மூடின? தப்பு அங்கயேதான இருக்கு?"

"டெமோ முடியட்டும் லா. அப்புறம் திறந்துக்கலாம்."

டெமோ முடிந்தது. அடுத்த வேலை வந்தது. நான் திறக்கவில்லை.

செல்வத்தை நினைவிருக்கும் உனக்கு. கிடங்கைப் பார்த்துக்கொண்டவர், புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்தவர். குளிரை அளக்கும் சென்சாரை நாம் பொருத்தப் போன அன்று தன் ஜாக்கெட்டைக் கழற்றி உன்னிடம் நீட்டினார். "உள்ள எலும்பு வரைக்கும் குளிரும்மா, போட்டுக்குங்க."

சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை அந்த சென்சார் செத்துப்போனது. பின்னாலேயே குளிரூட்டும் மெஷினும் நின்றுபோனது. நம் புரோகிராமோ கடைசியாக வந்த அளவையே காட்டிக்கொண்டிருந்தது: மைனஸ் பதினெட்டு. அலாரம் அடிக்கவில்லை. மணிக்கொரு தரம் திரையைப் பார்த்து செல்வம் மைனஸ் பதினெட்டு என்றே எழுதி வைத்தார். திங்கட்கிழமை கதவைத் திறந்தபோது மீனும் இறாலும் அழுகிக் கிடந்தன. திரை இருந்த அறைக்கே போகாமல் பொய்யாக எழுதினார் என்றார்கள் கிடங்குக்காரர்கள். "ஸ்கிரீன்ல அப்படித்தாங்க இருந்துச்சு" என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. அவருடைய வொர்க் பெர்மிட்டை ரத்து செய்து ஒரே வாரத்தில் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

நீதான் என் வரியை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டிப் பார்த்தாய். சென்சார் பதில் தந்ததா இல்லையா என்று நாம் சோதிக்கவே இல்லை என்பதைக் கம்பைலர் அன்றே சொல்லியிருந்தது. நீ என்னைத் திட்டவில்லை. திரையை என் பக்கம் திருப்பி வைத்தாய், அவ்வளவுதான்.

மேனேஜரிடம் போனோம். "சென்சார் பழுது. நம்ம மேல இல்ல. விடுங்க லா." நீ அந்த ஓர் இடத்தை மட்டும் திருத்தினாய். பிறகு படிக்கட்டில் நிறுத்தி என்னிடம் சொன்னாய்: "கிடங்குக்காரங்ககிட்டயும் செல்வம் அண்ணன்கிட்டயும் நீ சொல்லிடு. நான் மட்டும் போய்ச் சொன்னா உன்னை மாட்டிவிட்ட மாதிரி ஆயிடும். நீ சொல்லு, நான் கூட வர்றேன்."

அடுத்த வாரம் என்றேன். என் வீட்டில் வேலைக்குப் போனது நான் ஒருத்திதான். அது உனக்கும் தெரியும். பல அடுத்த வாரங்கள் கேட்டாய். அப்புறம் உனக்கு உடம்பு முடியாமல் போனது. புற்றுநோய் என்று தெரிந்தபோதே எல்லாம் கைமீறியிருந்தது.

நான் மருத்துவமனைக்கு வந்த அந்த மதியம், நீ தண்ணீர்கூடக் கேட்கவில்லை. "செல்வம் அண்ணன்கிட்ட சொல்லிட்டியாடி?" என்றுதான் கேட்டாய்.

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"பரவாயில்லம்மான்னாரு."

கண்ணை மூடிக்கொண்டாய். "இப்பத்தான் நிம்மதி" என்றாய். ஒன்பதாம் நாள் நீ போய்விட்டாய்.

அதன் பிறகுதான் போய்ச் சொல்ல எனக்குத் துணிவு வந்தது. கிடங்குக்குப் போனேன். முதலாளி மாறியிருந்தார். புதியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்தக் கணக்கெல்லாம் தன்னிடம் இல்லை என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவில் கூடி நிற்கும் நம்மூர்த் தொழிலாளர்களிடம் விசாரித்தேன். "எந்தச் செல்வம்க்கா? எங்க பிளாக்லயே நாலு பேர் இருக்காங்க" என்றார் ஒருவர். நான்காவது வாரம் ஒருவரிடம் செல்வத்தின் பழைய போன் எண் கிடைத்தது. அது உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண்குரல் சொன்னது. இன்னும் சில ஞாயிறுகள் போனேன். இப்போது போவதில்லை.

இன்று மதியம் மேனேஜர் வந்து மஞ்சள் வரிகளைப் பார்த்தார். "பழைய மாதிரியே மூடிடு லா" என்றார். முடியாது, ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன் என்றேன். அப்படியென்றால் வேறு ஆளிடம் கொடுக்கிறேன் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். மாலை ஐந்து மணிக்குள் திரை சுத்தமாகிவிட்டது.

எனக்கு வேலை ஒன்றும் இல்லை. உட்கார்ந்து இதை உனக்கு எழுதுகிறேன். அன்று உன் முகத்தில் வந்த நிம்மதி நான் சொன்ன பொய்யில் வந்தது. அதை உன்னிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளவும் வழியில்லை, உண்மையாக்கவும் வழியில்லை. அதை வைத்துக்கொண்டுதான் தினமும் பஸ் ஏறுகிறேன்.