கொலர் புரட்டித் தைத்த வெள்ளைச் சேட்

சிவமயம்

வவுனிக்குளம்,
மல்லாவி.
5.9.63

அன்பு மகன் யோகநாதன் அறிவது,

முறிகண்டியான் துணையால் நானும் அப்பாவும் தங்கச்சி அருந்ததியும் சுகமாக இருக்கிறோம், நீயும் கொழும்பில் அவன் காவலில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்புகிறேன் என்று எழுதினாலும் நீ அனுப்பிய படம் வந்த நாள் தொடக்கம் எனக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. சிறுபோக வெட்டு முடிந்து நெல்லும் காய்ந்து வீட்டுக்கு வந்துவிட்டது, அப்பாவின் முழங்கால் நோவும் முன்னைக்குப் பரவாயில்லை, அந்தப் பக்கத்தால் குறை ஒன்றும் இல்லை. படத்துக்கு வருகிறேன். கழுத்தில் ரை, தலைமயிர் முன்னுக்குக் குவித்து நெற்றிக்கு மேலே ஒரு குருவிக்கூடு, மீசை இருக்கிறதா இல்லையா என்று கண்ணாடி போட்டுத் தேடவேண்டியிருக்கிறது. அப்பா வாங்கிப் பார்த்துவிட்டு, ஆரப்பா இந்தத் துரை, விலாசம் மாறி எங்கடை வீட்டை வந்திட்டார் போலை என்று திருப்பித் தந்தார். நெற்றியில் திருநீறும் இல்லை. படம் எடுக்கிறவர் வெளிச்சம் பட்டால் வெள்ளையாய்த் தெரியும் என்று துடைக்கச் சொன்னவர் என்று நீ எழுதுவாய், உனக்கு மை மிச்சமாகட்டும் என்று அதையும் நானே எழுதிவிட்டேன். அந்தப் படம் எனக்கென்று எடுத்ததா, அல்லது வேறு ஆருக்கோ எடுத்ததில் எனக்கு ஒரு பிரதி வந்ததா என்பதையும் கீழே கேட்பேன்.

வருகிற இருபதாம் திகதி உனக்கு மேல் உத்தியோகத்துக்கு நேர்முகப் பரீட்சை என்று எழுதியிருந்தாய். அதற்கு ரை கட்டத்தான் வேண்டுமென்றால் கட்டு, நான் தடுக்கவில்லை, ஆனால் பளபளக்கிற துணியில் கட்டாதே, கறுப்போ கரும்பச்சையோ ஒரே நிறமாக இருக்கட்டும், பூப்போட்ட ரையைக் கண்டால் கேள்வி கேட்கிறவர் உன் முகத்தைப் பார்க்காமல் பூவைப் பார்ப்பார். சேட்டுக்குக் கஞ்சியை மட்டாகப் போட்டு அதில் ஒரு சொட்டு நீலம் விடு, கூட விட்டால் சேட் வானம்போல வந்துவிடும். தோய்க்கும்போது கொலரையும் கைமடிப்பையும் முதலில் தனியாகச் சவர்க்காரம் போட்டு விரலால் உரஞ்சிவிட்டுப் பிறகு முழுச் சேட்டையும் நனை. ஸ்திரிக்கைப் பெட்டிக்குச் சிரட்டைக் கரி போட்டால் பொறி பறக்காமல் இருக்கிறதா என்று ஒரு பழந்துணியில் இழுத்துப் பார்த்துவிட்டுப் பெட்டியைச் சேட்டில் வை. தலைக்கு எண்ணெயைக் குறை, போத்தலில் விற்கிற வெள்ளைக் கிறீம் பூசுகிறாய் என்று படத்தைப் பார்க்கவே தெரிகிறது, அதுவும் கொலரில்தான் போய் ஊறும், நகத்தை வெள்ளிக்கிழமையில் வெட்டாதே, ஆனால் வெட்டு. சப்பாத்தை முதல்நாளே துடைத்து வை, காலையில் துடைத்தால் கை கறுத்துப்போய் அந்தக் கை சேட்டில் படும். கந்தோருக்கு ஒவ்வொருநாளும் போகிற உடுப்பு வேறு, இப்படியான காரியத்துக்குப் போகிற உடுப்பு வேறு, ஒன்றையே இரண்டுக்கும் போட்டு இழுக்காதே. ஒரு முக்கியம். ஆரிடமும் கோட்டு இரவல் வாங்காதே. உடுப்பை இரவல் கொடுத்தவன் மறந்தாலும் உடுப்பு மறக்காது, போட்டவனைக் காட்டிக்கொடுத்துவிடும். அது எப்படி என்று எனக்குப் போன ஞாயிற்றுக்கிழமை நன்றாகத் தெரிந்தது.

உனக்குத் தெரியும், அருந்ததிக்கு ஒரு சம்பந்தம் பேசிவருகிறது. பேசுகிறவர் அப்பாவின் ஒன்றுவிட்ட தமையன் வீரகத்தி அண்ணைதான். மாப்பிள்ளை பெயர் கனகலிங்கம், சொந்த இடம் நெளுக்குளம், கொழும்பில் ஒரு கந்தோரில் கிளாக்கராக இருக்கிறார். தகப்பன் இல்லை. நான் உனக்கு ஆடியில் கடிதம் போட்டு ஆளை விசாரி என்று கேட்டிருந்தேன். அப்படி ஒருவரை நான் கண்டதும் இல்லை, ஆனால் விசாரித்த இடத்தில் எல்லாரும் நல்லவர் என்கிறார்கள் என்று நீ பதில் போட்டாய். அந்தக் கடிதத்தை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். கண்டதும் இல்லை என்ற இடத்தில் இப்போது பென்சிலால் ஒரு கோடு போட்டிருக்கிறேன்.

அவர்கள் பொம்பிளை பார்க்க வருவதற்கு முந்தின கிழமை சேலை விற்கிற யஹ்யா சைக்கிளில் கட்டோடு வந்தார். அருந்ததிக்கு ஊதா நிறம் ஒன்று பிடித்தது, நான் பெருவிரலை நனைத்துக் கரையில் அழுத்தித் தேய்த்தேன், நுனியில் ஒரு இழை இழுத்து விளக்கில் பிடித்து மணந்தும் பார்த்தேன். யஹ்யா கட்டை அவிழ்த்தபடியே இருந்து, அக்கா, உங்களுக்கு ஒரு சேலை விக்கிறதும் சுங்கத்திலை பெட்டி துறந்து காட்டுறதும் ஒண்டுதான் என்றார். சாயம் போகவில்லை, வாங்கினேன். பொம்பிளை பார்க்க வருகிறார்கள் என்றதும் நகையெல்லாம் அடுக்கிப் பட்டுச் சேலையில் நிறுத்துகிற பழக்கம் எனக்குப் பிடிக்காது. கோயிலுக்கு எப்படிப் போவாளோ அப்படி நிற்கட்டும், தலைக்குக் குளித்து ஈரம் உலர்த்திய பின்னல், ஒரு சங்கிலி, நெற்றியில் பொட்டு, முகத்தில் பவுடர் அப்பவேண்டாம், வியர்த்தால் கோடு விழும் என்று சொல்லித்தான் நிறுத்தினேன்.

ஞாயிறு பகல் வீரகத்தி அண்ணையும் மாப்பிள்ளையும் வந்தார்கள். மாப்பிள்ளை மாங்குளம் வரை ரயிலில், அங்கிருந்து பஸ்ஸில் மல்லாவி, மல்லாவியிலிருந்து வீரகத்தி அண்ணையின் சைக்கிளில் பின்னால் இருந்து வந்தாராம். எங்கள் தெருவில் இந்த மாதத்தில் சைக்கிளில் வந்தவன் செம்புழுதி அப்பிச் செங்கல்போலத்தான் இறங்குவான். இவரின் காற்சட்டை முழங்கால் வரை புழுதி, சேட்டில் மட்டும் ஒரு பொட்டுத் தூசி இல்லை. அப்போதே எனக்குக் கண் குத்தியது. வழியில் மதகடியில் நின்று சேட் மாற்றினவர் என்று வீரகத்தி அண்ணை பெருமையாகச் சொன்னார். நடுத்தெருவில் சேட் மாற்றுகிற மாப்பிள்ளையை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. அவர் சப்பாத்தைப் படியில் கழற்றிவிட்டு உள்ளே போனதும், செம்பில் தண்ணீர் எடுக்கிற சாட்டில் நான் ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். அடி இரண்டுதரம் மாற்றியது, குதி வெளிப்பக்கமாகத் தேய்ந்தது, பெருவிரல் பதிந்த பள்ளமும் இருந்தது, அது அவருடைய சொந்தச் சப்பாத்துத்தான். ஆனால் ஓரத்துத் தையலுக்குள்கூட ஊத்தை இல்லை. அதற்கு ஒரு புள்ளி கொடுத்தேன். சேட்டின் கதை வேறு. தோள்தையல் இரண்டு விரல் கீழே இறங்கி நின்றது, கைமடிப்பு உள்ளங்கையை மூடிக்கொண்டு வந்தது, மனுசன் அதை நொடிக்கொருதரம் மேலே இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தார்.

சம்பந்தம் முற்றாகாமல் சோறு போடுகிற வழக்கம் இல்லைதானே, தேத்தண்ணியும் வடையும் வைத்தோம். தேத்தண்ணி வந்ததும் அவர் காற்சட்டைப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்துக் கழுத்தைச் சுற்றிக் கொலரை மூடிச் செருகினார், கோப்பையின் கீழே மற்றக் கையைப் பிடித்துக்கொண்டு குடித்தார். இந்த ஆள் கழுத்தில் எதையோ மறைக்கிறார், தேமலோ தழும்போ என்று எனக்கு யோசனை ஓடியது. வீரகத்தி அண்ணைக்கு இரண்டாம் கோப்பை வைக்கிற சாட்டில் கதிரைக்குப் பின்பக்கமாகப் போனேன். அந்த நேரம் லேஞ்சி வழுகி விழுந்தது. கழுத்தில் ஒன்றும் இல்லை. கொலரில்தான் இருந்தது. நைந்த பக்கத்தை உள்ளே விட்டுப் புரட்டித் தைத்த கொலர், மடிப்புக்கு அடியில் நீல நூல். மகன், இந்தத் தையலை நான் இருட்டில் தடவினாலும் சொல்லுவேன். உன் வெள்ளைச் சேட்டின் கொலரைத் தைப்பொங்கலுக்கு நீ வந்தபோது நான்தான் புரட்டினேன், வெள்ளை நூல் முடிந்துபோனதால் அடிப்பக்கம்தானே என்று நீல நூல் போட்டேன். தைத்தது வாங்கியது எல்லாம் எழுதிவைக்கிற என் உடுப்புக் கொப்பியைப் பிறகு எடுத்துப் பார்த்தேன், தை மாதப் பக்கத்தில் அப்படியே எழுதியிருக்கிறது. நான் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவள் இல்லை, கோயில் சுவரில் எழுதியிருந்ததைக் கூட்டி வாசித்துப் பழகிய எழுத்துத்தான், ஆனால் நான் எழுதி வைத்தது பிழைத்ததில்லை.

எனக்கு அந்த இடத்திலேயே கேட்டுவிடலாம் போல வந்தது, அடக்கிக்கொண்டு, தம்பி, நல்ல சேட், எங்கை தைச்சனீங்கள் என்று மட்டும் கேட்டேன். அவர் வாய் திறக்கமுன் வீரகத்தி அண்ணை, கொழும்பிலை பெரிய கடையிலை எல்லோ, இவையள் வேறை எங்கை தைப்பினம் என்று விழுந்தடித்துச் சொன்னார். கனகலிங்கம் ஓம் என்று சொல்லவில்லை. தலை குனிந்தார், காது இரண்டும் சிவந்துபோனது. ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்றைக்கே அவரின் கதையை முடித்திருப்பேன். எங்கடை மகனைக் கொழும்பிலை சந்திச்சனீங்களோ என்று அடுத்ததைக் கேட்டேன். அதற்கு அவர் தேத்தண்ணியைக் குடித்தார், குடித்து முடிந்த கோப்பையையும் இன்னொருதரம் குடித்தார். அவர்கள் எழும்பிப் போகும்போது சேட்டின் வலக்கை மடிப்பு தொங்கிக்கொண்டு இருந்ததைக் கண்டேன், பொத்தான் இல்லை.

அவர்கள் போனபின் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீர் மாப்பிள்ளை பாத்தனீரோ சேட் பாத்தனீரோ என்று சிரித்தார். எங்கடை பெடியன், மாப்பிள்ளை தன்ரை சிநேகிதன் எண்டு முதலே சொல்லியிருந்தால் நீர் அந்தச் சம்பந்தத்தைப் படலைக்குள்ளையே விட்டிருக்கமாட்டீர், அதுதான் ஒளிச்சிருக்கிறான் என்றும் சொன்னார். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் எனக்கு வேறு ஒன்றும் தோன்றுகிறது. கனகலிங்கத்துக்கு ஒரு தங்கச்சி இருக்கிறாவாம், வவுனியாவில் படிப்பிக்கிறாவாம், நான் கேளாமலே வீரகத்தி அண்ணை இரண்டுதரம் சொல்லிவிட்டார். உன் மீசை மெலிந்ததும், குருவிக்கூடு ஏறியதும், படம் எடுத்ததும், உன் சேட் மாங்குளத்துக்கு ரயில் ஏறியதும் எல்லாம் ஒரே மாதத்தில் நடந்திருக்கிறது. அந்தப் படத்தின் முதல் பிரதி வவுனியாவுக்குப் போய்த்தான் எனக்கு மற்றது வந்ததோ என்று கேட்கிறேன். இங்கே பெண்ணைக் கொடுத்து அங்கே பெண்ணை எடுக்கிறது எங்கள் ஆட்களுக்குப் புதினம் இல்லை, நான் அதைக் குற்றம் சொல்லவும் இல்லை. ஆனால் உன் காரியத்துக்காக உன் தங்கச்சியின் வாழ்க்கையை அவிழ்த்துப் பாராமல் கட்டுகிறாயோ என்றதுதான் என் பயம். அப்படி இல்லை என்றால் இல்லை என்று எழுது. ஓம் என்றாலும் ஓம் என்று எழுது. அவர் ஏன் உன் சேட்டில் வந்தார், சொந்தத்தில் நல்லதாக ஒன்று இல்லையா, இல்லையென்றால் சம்பளம் எங்கே போகிறது, தாய்க்கும் தங்கச்சிக்கும் அனுப்புகிறாரா, அல்லது வேறு வழியில் போகிறதா, அவரோடு ஒரே போடிங்கில் அறை எடுத்து இருக்கிற உனக்குத் தெரியாமல் இருக்காது. ஒரே போடிங் என்றும் நானேதான் பிடித்தேன், சேட்டில் அடித்த மணம் உன் சவர்க்காரத்தின் மணம்.

இனி அருந்ததி. நான் விறாந்தை முழுவதும் கூட்டிப் பார்த்தேன், அந்தப் பொத்தான் கிடைக்கவில்லை. அவளைக் கேட்டேன், நான் காணேல்லை அம்மா என்றாள். ஆளைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்டதற்கு, சேட் அண்ணாவின்ரை எண்டு எனக்கும் தெரியும், கைப்பொத்தான் தைச்சது நானெல்லே, ஆனால் இரவல் சேட்டிலை ஒரு துளி தேத்தண்ணி விழாமல் அந்த மனுசன் பட்ட பாட்டைப் பாத்தனீங்களோ என்று கேட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். செவ்வாய்க்கிழமை ஊசி தேடி அவளின் சீப்புப் பெட்டியைத் திறந்தேன். அடியில், நீ முன்பு கொடுத்த ரிபன் துண்டில் சுற்றி, அந்தப் பொத்தான் இருந்தது. இந்த வீட்டில் கண்டதில்லை என்று சொல்லப் பழகினது நீ ஒருவன் மட்டும் இல்லை போலிருக்கிறது. நான் அதைச் சுற்றியபடியே சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்துப் பெட்டியை மூடிவிட்டேன்.

வீரகத்தி அண்ணை பதினைந்தாம் திகதி பதில் கேட்டு வருவார். அதற்கு முன் உன் கடிதம், ஒளிப்பு மறைப்பு இல்லாத கடிதம், என் கையில் இருக்கவேண்டும். நீ எழுதுவதில் பிழை ஒன்றும் இல்லையென்றால் நான் ஓம் என்றுதான் சொல்லப்போகிறேன். ஆனால் ஓம் என்றபிறகு கனகலிங்கம் இன்னொருதரம் இங்கே வரவேண்டும், தன் சொந்தச் சேட்டில் வரவேண்டும், பழசென்றாலும் கிழிந்ததென்றாலும் தோய்த்துப் போட்டால் போதும், கிழிந்த இடத்தை நான் தைத்துக் கொடுப்பேன், சோறும் போடுவேன். நீயும் கூட வா, நெற்றியில் திருநீறோடு வா. இருபதாம் திகதி காலையில் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் அடித்துவிட்டுப் போ, நான் இங்கே அன்றைக்கு ஒருநேரச் சோற்றோடு விரதம் இருக்கிறேன். நீ நினைத்தது கைகூடி, நோய்நொடி இல்லாமல், நல்லவர் கண்ணில் மட்டும் பட்டு, நெடுங்காலம் வாழ எல்லாம் வல்ல சிவன் அருள் செய்வானாக.

மறவாதே, அந்த வெள்ளைச் சேட்டைத்தான் பரீட்சைக்குப் போடுவாய், எனக்குத் தெரியும். வலக்கை மடிப்புக்கு வேறு பொத்தான் வாங்கித் தைத்துக்கொள், பழையது இனி உனக்குத் திரும்பி வராது.

இப்படிக்கு,
உன் நன்மையையே நினைக்கும் அம்மா,
ஏ. சிவனேஸ்வரி