ஏழாவது துண்டில் பேசுகிற ஆள்

அக். 21, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக. குடை கிழிந்துவிட்டது, வாங்க வேண்டும்.

ஞாயிறு இணைப்புக்கு அரைப் பக்கம் கேட்கிறார்கள். நம்ம ஊர்ப் பையன்கள் நாலு பேர் போட்ட ஆல்பம். பாடல் வரி கிடையாது. கிடார், டிரம்ஸ், நடுவே காசிமேட்டிலும் எண்ணூரிலும் பதிந்த சத்தங்கள். முழுக்கச் சோகம். கேட்டவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று எழுத வேண்டுமாம். "உங்க ஏரியாதானே சார்" என்றார் இணைப்பைப் பார்க்கிற பெண்.

இணையத்தில் வந்த பின்னூட்டங்களில் சில:
- மழையில் கேட்டேன், அழுதேன்.
- ஏழாவது இசைத் துண்டில் இரைச்சலுக்குள் ஒரு ஆண் குரல் வருகிறதே, அது சாவின் குரல்.
- மொழி தெரியாது. எல்லாம் புரிந்தது.

எனக்கு இரைச்சல் மட்டுமே கேட்டது. எரிச்சல்.

அக். 22, புதன்

இந்தப் பகுதி ஆட்களின் கருத்தை யாரும் கேட்கவில்லையே என்று, ஆல்பத்தைப் போட்டுக்காட்டக் கைபேசியோடு கல்மண்டபம் டீக்கடைக்குப் போனேன். ஷேர் ஆட்டோக்காரர்: "இன்னா சார், ஜெனரேட்டர் ஓடிக்கினு கீது." மீன் கூடையோடு நின்ற அம்மா: "யார் வூட்ல சாவு?"

மூன்றாவதாக ஆன்டனி. விசைப்படகில் போகிறவர், எனக்குப் பல வருடப் பழக்கம். ஏழாவது துண்டு வந்ததும் டீ கிளாஸை வைத்துவிட்டார். "திரும்பப் போடு சார்." போட்டேன். "இது எங்கண்ணன்."

அண்ணன் சேவியர். போன மழைக்காலத்தில் கடலுக்குப் போன படகு திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. படகுக்குப் படகு வயர்லெஸ்ஸில் பேசியே பழகிய ஆன்டனியின் காது, இரைச்சலைத் தாண்டிச் சொல்லைப் பிடித்துவிடுகிறது.

என்ன சொல்கிறார் என்று கேட்டேன்.

"'இன்னாடா கொழம்பு, காரப்பொடியா'ங்குது."

காரப்பொடி என்பது மலிவான பொடிமீன். சாவின் குரல்!

அக். 23, வியாழன்

சேவியரின் மனைவி ஸ்டெல்லா கூப்பிட்டனுப்பினார். ஆன்டனி சொல்லிவிட்டிருக்கிறார். நாலு முறை கேட்டார். அழவில்லை. ஒரே கேள்வி.

"இத எப்ப புடிச்சாங்க சார்?"

தெரியாது என்றேன். ஆல்பம் வந்தது இந்த மாதம்தான். அது அவருக்குப் போதுமானதாக இருந்தது.

இறந்தவர்களுக்கான கல்லறைத் திருநாள் பூசையில் வாசிக்கச் சேவியர் பெயரைக் கொடுக்கவே ஸ்டெல்லா இத்தனை மாதம் மறுத்திருந்தார். போன வாரம்தான் சம்மதித்தார். இன்று நேரே கோவிலுக்குப் போய்ப் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டார். "உசுரோட கீறவனுக்கு எவனாச்சும் பூச வெப்பானா?"

என் கைபேசியிலிருந்து கிளம்பிய வினை. வீடு வந்தும் சாப்பிடப் பிடிக்கவில்லை.

அக். 24, வெள்ளி

கிடார் வாசிக்கிற பையனைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"அந்த வாய்ஸ் எங்கே, எப்போது பதிந்தது?"

"ஹார்பர்ல சார். டேட்டெல்லாம் நோட் பண்ணல. ஃபீல்தான் முக்கியம்."

"அவர் என்ன பேசுகிறார் தெரியுமா?"

"தெரியாம இருக்கறதுதான் சார் அதோட அழகு."

கத்திவிட்டேன். இத்தனை வருடத் தொழிலில் யாரிடமும் இப்படிக் கத்தியதில்லை. எப்போது என்று கூடக் குறிக்காமல் ஒரு மனிதனின் குரலை எடுத்துப் போவார்களாம். வெட்டுமுன் இருந்த பதிவை அனுப்பச் சொன்னேன். பார்க்கிறேன் என்றான். மாத்திரை போட்டுப் படுத்தேன்.

அக். 27, திங்கள்

பதிவு வந்தது. நல்ல மழை. ஸ்டெல்லா வீட்டில் ஆன்டனியும் சேர்ந்து மூவரும் கேட்டோம். கிடார் இல்லை. பேச்சு தெளிவாக. ஆல்பத்தில் வெட்டப்பட்ட பதிலும் இருக்கிறது.

"இன்னாடா கொழம்பு, காரப்பொடியா?"

"வஞ்சிரம்ணா."

"உன் மூஞ்சிக்கு வஞ்சிரமா. பொய் சொல்றான் பார் நாயி."

பதில் சொன்ன குரல் ஆன்டனியுடையது. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அண்ணி, இது பழைய மாதா படகு. நான் அதுல சமச்சிக்கினு இருந்தப்போ. அத வித்து ரொம்ப நாள் கழிச்சித்தான் அண்ணன் காணாம போச்சு."

ஸ்டெல்லா இன்னொரு முறை போடச் சொன்னார். முடிந்ததும், "அன்னிக்கு இன்னா கொழம்பு?"

"காரப்பொடிதான்."

அக். 30, வியாழன்

பூசைக்குச் சேவியர் பெயரை மறுபடி கொடுத்தாகிவிட்டது. கோவில் வாசலில் ஸ்டெல்லாவிடம் பின்னூட்டங்களைப் படித்துக் காட்டினேன், அவர் கேட்டதால். முகம் சிவந்துவிட்டது. "கொழம்பு கேட்டவனுக்கு ஊரான் எதுக்கு அழுவுறான்? நான் அழுவணும். அவரு கொரல அதுலேர்ந்து எடுக்கச் சொல்லு சார்."

பையனைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அந்த வாய்ஸ் இல்லன்னா டிராக்கே இல்ல சார். லிஸனர்ஸ் எல்லாரும் அதைத்தான்..."

மேலே கேட்கவில்லை. கைபேசியை ஸ்டெல்லாவிடம் நீட்டினேன்.

"தம்பி, நான் சேவியர் சம்சாரம் பேசுறேன். அவரு அதுல இன்னா கேக்குறாருன்னு சொல்றேன், கேட்டுக்கோ."