நாலு புளியங்கட்டை

மாப்ளே,

மூன்று நாள் மழையில் விறகு நனைந்துவிட்டதென்று இன்று காலை என் வீட்டுக்காரி ஆளை விட்டு, கார் கொட்டகை மூலையில் கிடந்த புளியங்கட்டை நான்கில் ஒன்றைப் பிளக்கச் சொல்லிவிட்டாள். கோடாலிச் சத்தம் கேட்டு, சவரம் செய்துகொண்டிருந்தவன் பாதிச் சோப்பு முகத்தோடு ஓடினேன். அதற்குள் ஒரு வெட்டு விழுந்துவிட்டது.

"கட்டைக்குப் போயி இப்படிக் கத்தறீங்களே, அப்படி என்ன வெச்சிருக்குது அதுல?" என்றாள். கேட்ட பிறகுதான் அவளுக்கே நினைவு வந்திருக்கிறது. ஆளைக் கோடாலியை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தக் கட்டை இப்போது என் மேசையின்மேல் இருக்கிறது. வெட்டு விழுந்த இடத்தில் புளியமரத்துச் சிவப்பு. மேல்பக்கத்தில் நம் பெரிய காரின் அச்சு அழுந்திய பள்ளம். அதில் கிரீஸ் வாசனை இன்னும் போகவில்லை. அந்த வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்காது. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். வேறு யாரிடம் சொல்வது?

நாம் இருவரும் ராசிபுரத்தில் குடியிருந்துகொண்டு நாமக்கல் கோர்ட்டில் வக்கீல் தொழில் பார்த்தவர்கள். போக வர முப்பத்தைந்து மைல். பாதிப் பணம் நீ, பாதிப் பணம் நான் போட்டு வாங்கிய அந்தப் பெரிய காரை ஊரே வாய் பிளந்து பார்த்தது. துணிக்கூரை, பித்தளை விளக்கு, கட்டில் மாதிரி பின்சீட்டு. கோர்ட் முடிந்து வரும்போது நீ கோட்டைக் கழற்றித் தலைக்கு வைத்து, காலை நீட்டிப் படுத்துக்கொள்வாய். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து நான்தான் தூங்காமல் வருவேன்.

அப்புறம் விளைச்சலுக்கு விலை இல்லாத வருஷங்கள் வந்தன. கட்சிக்காரர்கள் பீஸுக்குப் பதிலாகக் கடலைக்காய் மூட்டையைக் கொண்டுவந்து இறக்கினார்கள். காருக்குக் கடலைக்காய் போட்டால் ஓடுமா? நாமக்கல் போய்வர அது மூன்று காலன் பெட்ரோல் குடிக்கும். அந்த நேரத்தில்தான் ஏற்காட்டுத் தோட்டத்துரை ஒருவர் ஊருக்குக் கப்பலேறுகிறார், அவருடைய இரண்டு சீட்டுக் குட்டிக் கார் மலிவாக வருகிறது என்று எனக்குத் தகவல் கிடைத்தது. அதற்கு ஒரு காலன் போதும். தினமும் இரண்டு காலன் மிச்சம் என்று நான் குதித்தேன்.

நீ குதிக்கவில்லை. வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, பாக்கைச் சீவிக்கொண்டே, "ரெண்டு எருமைக்கும் தவிடு வெச்சுட்டு ஒண்ணுல மட்டும் பால் கறந்தா மிச்சம் எங்கிருந்து வரும் மாப்ளே?" என்றாய். ரெண்டு காருக்கும் வரி கட்ட வேண்டும், ரெண்டுக்கும் டயர் வாங்க வேண்டும், ரெண்டும் மாறி மாறிப் பட்டறைக்குப் போகும் என்று விரலை மடக்கினாய். "அதுவும்போக உன்ற தொப்பையும் என்ற கேஸ்கட்டும் ஒண்ணா அதுல ஏறாது" என்றாய்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கோர்ட்டில் நீ என்னைத் தோற்கடித்தால் வலிக்காது. வீட்டில் தோற்றால் வலிக்கும். அப்படியானால் பெரிய காரை ஓட்டாமலே நிறுத்திவிடலாம் என்றேன். மூன்று மாதத்துக்கு ஓட்டுவதில்லை என்று எழுதிக் கொடுத்தால் வரி கிடையாது. டிரைவருக்குச் சம்பளம் கிடையாது, குட்டிக் காரை நானே ஓட்டுவேன். அப்போது மிச்சம் வருமா, வராதா?

நீ வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டாய். "வாங்கு, வேண்டாங்கல. ஆனா பெருசைக் கட்டையில மட்டும் ஏத்தாதே. சனிக்கெழமைக்குச் சனிக்கெழமை ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிப் பாத்துப்போடு. ரெண்டு ஊட்டுலயும் பொம்பளைங்க புள்ளைங்க இருக்குது. ஒரு அவசரம் ஆத்தரம்னா ஓடோணும்" என்றாய். சரி என்றேன். கையடித்துக் கொடுத்தேன்.

ஏழெட்டுச் சனிக்கிழமை சொன்னபடி செய்தேன். பிறகு அந்த அரைக் காலனும் வீண் என்று பட்டது. நிற்கிற காரின் டயர் ஒரே பக்கம் அழுந்திக் கெட்டுவிடும், ஜாக்கி கொடுத்துத் தூக்கி, அச்சுக்குக் கட்டை வைத்துச் சக்கரத்தைக் கழற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்று பட்டறைக்காரனும் சொன்னான். எல்லோரும் செய்கிற காரியந்தான். நோன்புப் பெருநாளுக்கு நீ குடும்பத்தோடு உன் மாமனார் ஊருக்கு, ஆத்தூருக்குப் போயிருந்த சமயம் பார்த்துச் செய்தேன். நீ இருந்தால் விடமாட்டாய் என்று தெரியும்.

திரும்பி வந்ததும் கொட்டகைக்கு வந்தாய். ஒரு சுற்றுச் சுற்றினாய். சக்கரமில்லாமல் நாலு கட்டைமேல் நின்ற காரின் முன்மூடியைக் கையால் தடவிவிட்டு, "ஏத்தீட்டயா? செரி, உடு. உம் பேச்சே ஜெயிக்கட்டும்" என்றாய். நீ ரெண்டு வார்த்தை திட்டியிருந்தால் நான் இறக்கியிருப்பேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பொய். இறக்கியிருக்க மாட்டேன். அடுத்த மாதமே குட்டிக் காரின் பாட்டரி செத்துப்போக, புதிது வாங்காமல் பெரிய காரின் பாட்டரியைக் கழற்றி அதில் மாட்டினேன். இதை உன்னிடம் சொல்லக்கூட இல்லை.

அந்த வியாழக்கிழமை உனக்குக் கோர்ட்டில் வேலை இல்லை. எனக்கு ஒரு வாய்க்கால் தகராறு. குட்டிக் காரை எடுத்துக்கொண்டு ஏழரைக்குக் கிளம்பினேன். எட்டு மணிக்கு உனக்கு வயிற்றில் வலி கண்டிருக்கிறது. நம் ஊர் டாக்டர் வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, உடனே சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று சொல்லியிருக்கிறார். காலை பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் மத்தியானம்.

'பெரிய கார் இருக்குதே' என்று தெருவே என் கொட்டகைக்கு ஓடியிருக்கிறது. பரண்மேலிருந்து சக்கரங்களை இறக்கி, கொல்லுப்பட்டறை ஆசாரியைக் கூப்பிட்டு, ஒவ்வொன்றாக மாட்டினார்களாம். இரண்டு ட்யூபில் காற்று நிற்கவில்லை. ஒட்டுப் போட்டுக் காற்றடித்து, கட்டைகளைத் தட்டி எடுத்து, காரைத் தரையில் இறக்கி, கைப்பிடியைப் போட்டுச் சுற்றினார்கள். மாற்றி மாற்றிச் சுற்றினார்கள். அது ஓடாதென்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. பாட்டரி இல்லையென்பதை யாரோ பார்த்தபோது மணி பத்தரை. அந்தக் கார் இல்லாமலே இருந்திருந்தால் எட்டரைக்கே மாட்டுவண்டி கட்டியிருப்பார்கள். என்னால் தாங்க முடியாதது அதுதான்.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? வழக்குக்குப் பதினோரு மணிக்கே வாய்தா போட்டுவிட்டார்கள். நேரே வீட்டுக்கு வந்திருக்கலாம். கோர்ட்டுக்கு எதிரே காபி கிளப்பில் உட்கார்ந்து, நான்கு வக்கீல்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, குட்டிக் கார் வாங்கியதில் எனக்கு வருஷத்துக்கு எவ்வளவு மிச்சம் என்று பெருமையடித்துக்கொண்டிருந்தேன். சைக்கிளில் வந்த ஆள் என்னைத் தேடிப் பிடித்தபோது மணி ஒன்று.

சேலம் போகிற வழியில், மல்லூருக்கு இந்தப் பக்கம் மாட்டுவண்டியை எட்டிப் பிடித்தேன். கூண்டு வண்டியில் வைக்கோலுக்குமேல் ஜமுக்காளம் விரித்து உன்னைப் படுக்க வைத்திருந்தார்கள். உன் தலை, நான் தங்கச்சி என்று அழைக்கும் உன் மனைவியின் மடியில் இருந்தது. என்னைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "அண்ணா, சீக்கிரம் கொண்டுபோயிருங்கண்ணா" என்றாள். அதுவரை என்னோடு கதவுக்குப் பின்னாலிருந்துதான் பேசியிருக்கிறாள்.

குட்டிக் காரில் உன்னைப் படுக்க வைக்க இடம் ஏது? வண்டிக்காரரும் நானும் உன்னைத் தூக்கி, காலை மடக்கி, முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்த்தி வைத்தோம். தங்கச்சிக்கும் இடமில்லை. அவள் அந்தக் காலி வண்டியிலேயே பின்னால் வந்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒவ்வொரு குழிக்கும் நீ பல்லைக் கடித்தாய். நான் அழுதுகொண்டே ஓட்டினேன். மாப்ளே, அந்தக் கட்டை, நான் ஏத்தின கட்டை என்று ஏதோ உளறினேன். நீ என் முழங்கையைத் தொட்டு, "ரோட்டைப் பாத்து ஓட்டு" என்றாய். கொஞ்ச தூரம் போனபின், "என்ற கேஸ்கட்டு இல்ல பாத்தியா, அதான் ரெண்டு பேரும் ஏறீட்டம்" என்றாய். சிரிக்கத்தான் சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் மூன்று மணிக்குச் சேர்த்தேன். குடல்வால் உள்ளேயே வெடித்துவிட்டிருந்தது. கத்தி வைத்த சர்ஜன் கையைத் துடைத்துக்கொண்டே, "காலையிலேயே கொண்டுவந்திருந்தா பொழைக்க வெச்சிருக்கலாமுங்க" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். காய்ச்சல் இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் நீ போய்விட்டாய். உன்னை ஊருக்குக் கொண்டுவந்ததும், மண் தள்ளியதும், அதில் மூன்று கைப்பிடி நானும் போட்டதும் யாரோ செய்தது போலத்தான் நினைவிருக்கிறது.

குட்டிக் காரை அந்த மாதமே விற்றேன். வந்த விலைக்குத் தள்ளிவிட்டேன். பெரிய காருக்கு நல்ல ட்யூபும் புதுப் பாட்டரியும் போட்டு, ஓடுகிற நிலையில் நிறுத்தினேன். இப்போது யுத்த காலம். பெட்ரோலுக்குக் கூப்பன். டயர் கண்ணால் பார்க்கக் கிடைப்பதில்லை. போன மாதம் சேலத்து வியாபாரி ஒருவர் வந்து, டயர்களை மட்டும் கொடுங்கள் என்று நாம் காருக்குக் கொடுத்ததைவிட அதிக விலை சொன்னார். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். நான் கோர்ட்டுக்கு, பெட்ரோலுக்குப் பதில் கரி எரித்து ஓடுகிற கரிவாயு பஸ்ஸில் போகிறேன். வேர்த்து, கோட்டில் கரி அப்பி, தாமதமாகப் போய்ச் சேருகிறேன். கூப்பன் பெட்ரோல் முழுதும் காரிலேயே இருக்கிறது. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஸ்டார்ட் செய்து குளத்துமேடு வரை போய்த் திரும்புகிறேன். பிரசவத்துக்கு, பாம்புக்கடிக்கு என்று யார் வந்து கதவைத் தட்டினாலும் எடுக்கிறேன். வக்கீலுக்குப் பைத்தியம் என்று ஊரில் பேச்சு. இதனால் என் மனசு ஆறியது என்று நினைத்துவிடாதே. ஆறவில்லை.

இன்னொன்றைச் சொல்லவேண்டும். இத்தனை நாள் இதை யாரிடமும் சொல்லவில்லை. நாற்பதாம் நாள் பாத்தியா ஓதி முடிந்ததும் தங்கச்சி கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்ன நோட்டை நீட்டினாள். "அவிங்க மேசையில இருந்துதுங்கண்ணா. காரு சமாச்சாரம் என்னமோ எழுதியிருக்குது. உங்க கைக்குத்தான் சேரோணும்" என்றாள்.

எனக்குத் தெரியாமல் நீ ஒரு வருஷமாகக் கணக்கு வைத்திருக்கிறாய். மைல், காலன், ஒட்டுப் போட்ட கூலி, பட்டறைச் செலவு எல்லாம் உன் முத்து எழுத்தில். கடைசிப் பக்கம் உனக்கு வலி கண்டதற்கு முந்தின நாள், புதன்கிழமை எழுதியது. கூட்டிக் கழித்து, அடியில் கோடு போட்டு, இப்படி எழுதியிருந்தாய்: 'மாப்பிள்ளை சொன்னதே சரி. மிச்சம்தான். சனிக்கிழமை நேரில் ஒத்துக்கொள்ள வேண்டும்.'

அந்தச் சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் உனக்கு நினைவு தப்பியிருந்தது. நான் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஈரத்துணி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நோட்டு என் கறுப்புக் கோட்டின் உள்பையிலேயே இருக்கிறது. கோர்ட்டில் எழுந்து நிற்கும்போதெல்லாம் நெஞ்சில் இடிக்கிறது. நாளைக்குச் சனிக்கிழமை. மழை விட்டாலும் விடாவிட்டாலும் காரை எடுப்பேன். பின்சீட்டைத் துடைத்து, நீ தலைக்கு வைக்கிற பக்கம் என் கோட்டை மடித்து வைப்பேன். நீ ஒத்துக்கொள்ளாதே மாப்ளே. இந்த ஒரு வழக்கில் நான் தோற்றவனாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.